ஏழாவது பாட்டும் இரண்டு சுற்று பிளாஸ்திரியும்

அன்று கேசட் கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி காதர் பாய், கல்லாவுக்குப் பின்னால். நான், சாமி என்று கூப்பிடுவார்கள், மெஷின் பக்கத்தில் முக்காலியில். ஒட்டன்சத்திரத்துத் தக்காளி மண்டிக்காரர் ஒருவர், தன் லாரிகளுக்குப் பாட்டுப் பதிந்து வாங்க வந்தவர், பெஞ்சில். ரெஜினா அக்கா, கவுண்டருக்கு வெளியே நின்றபடி. அவருடைய தங்கச்சி ஃபிலோமினா, அக்காவின் பையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில். வாசற்படி கடைக்குள் சேர்த்தியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஃபிலோமினா எல்லாவற்றையும் கேட்டார், அதனால் சேர்த்துக்கொண்டேன். இந்த ஐந்து பேரில் பொய் சொன்னது ஒரே ஆள். அது நான்.

எங்கள் ஊர் ஒலியமைப்பாளர்கள் தங்கள் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "அண்ணே, கேசட் காலத்துத் தொழில் நுணுக்கத்தை எழுதிக் குடுங்க, இப்ப உள்ள ஆளுகளுக்குத் தெரியட்டும்" என்றார்கள். எனக்கு ஏழாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. எழுத்துப் பிழை வருமோ, யாராவது மனம் நோவார்களோ என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் எழுத உட்கார்ந்தபோது, நுணுக்கத்துக்குப் பதிலாக இதுதான் வந்தது. நுணுக்கமும் இதற்குள்தான் இருக்கிறது.

நான் காதர் பாயிடம் சேர்ந்தது பதினேழு வயதில். மூன்று வருடம் கேசட்டுக்கு ஸ்குரூ முடுக்கினேன், டீ வாங்கினேன், பாட்டுப் பட்டியல் எழுதப் பழகினேன். நாலாம் வருடம் மெஷினைத் தொட விட்டார். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

பாய் திண்டுக்கல் பேகம்பூர்க்காரர். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை. அவர் ஒரு இசைத்தட்டைக் கையில் எடுக்கும் விதத்தை மட்டும் பார்க்க ஆட்கள் வந்து நிற்பார்கள். விளிம்பையும் நடு லேபிளையும் தவிர வேறெங்கும் விரல் படாது. வெல்வெட் துணியால் ஒரே திசையில், சுற்றுப் போக்கிலேயே துடைப்பார். ஊசி முனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். மின்விசிறியை நிறுத்துவார். கேசட்டில் முதலில் வரும் பதிவாகாத வெள்ளை நாடாவைப் பென்சிலால் சுற்றிக் கடத்தி, பழுப்பு நாடா தெரிந்த பிறகுதான் உள்ளே போடுவார். பிறகு வாய்க்குள் "பிஸ்மில்லா" என்பார். ஊசி இறங்கும். அந்த நேரம் யாராவது பேசினால் திட்டமாட்டார். ஊசியைத் தூக்கிவிட்டு, பேசி முடிக்கும்வரை அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிடத் திட்டே மேல்.

பதிந்த கேசட்டை முதலில், நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்தில் கேட்காமல் வெளியே விடமாட்டார். கல்லாவுக்கு மேலே அவர் கையாலேயே எழுதி மாட்டிய அட்டை: பாட்டு சரியில்லை என்றால் காசு வாபஸ். பதினாறு வருடத்தில் வாபஸ் கொடுத்தது நாலோ ஐந்தோ முறைதான். அப்படிக் கொடுத்த அன்று அவர் மதியம் சாப்பிடமாட்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. காலையில் கடை திறந்ததும் முதல் இசைத்தட்டுக்கு முன், வட்டமான ஒரு புள்ளி அட்டையைச் சுழல் தட்டின் மேல் வைத்து ஓடவிட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வேகம் சரியாக இருந்தால் புள்ளிகள் ஓடாமல் அப்படியே நிற்கும். தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், புள்ளிகள் மட்டும் நிற்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வேகம் கூடினால் புள்ளிகள் முன்னால் நகரும், குறைந்தால் பின்னால் நகரும். இதை நான் ஒருநாளும் விட்டதில்லை. பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் நான், இதை விடுவேனா?

ஒரு தடவை விட்டேன்.

மெஷினுக்குள் மோட்டாரின் சிறு தண்டு ஒரு ரப்பர் சக்கரத்தைச் சுழற்றும், அந்தச் சக்கரம் சுழல் தட்டைச் சுழற்றும். அந்த மாசி வெயிலில் ரப்பர் காய்ந்து வழுக்க ஆரம்பித்தது. பாட்டு இழுத்துக்கொண்டு போனது. புது சக்கரம் வாங்க பாய் மதுரைக்குப் போனார். இங்கே ஆட்கள் கேசட்டுக்காக நிற்கிறார்கள். நான் மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி வந்து, மோட்டார் தண்டில் இரண்டு சுற்று சுற்றினேன். தண்டு தடித்தால் சக்கரம் வேகமாகச் சுற்றும் அல்லவா? புள்ளி அட்டையை வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் கல்லாட்டம் நின்றன. அப்படியொரு பெருமை எனக்கு.

மறுநாள் என் மகள் ஸ்டெல்லாவுக்கு ஞானஸ்நானம், விடுப்பு. பாய் மதுரையிலிருந்து வந்து புது ரப்பர் சக்கரத்தை மாட்டிவிட்டார். தண்டு அதற்குப் பின்னால் இருட்டில் இருக்கிறது, பிளாஸ்திரி அவர் கண்ணில் படவில்லை. அதற்கடுத்த நாள் நான் வந்தேன். புது சக்கரம் போட்டவர் வேகம் பார்த்திருப்பார் என்று நான் நினைத்தேன். மெஷினோடேயே கிடக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்று அவர் நினைத்தார். அன்று காலை வந்த முதல் வேலை, பங்குச் சாமியார் கொடுத்தனுப்பிய ஒரு இசைத்தட்டு. 'ஏழு வாள்கள்'.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இயேசுவின் தாயான வியாகுல மாதாவின் நெஞ்சில் ஏழு துயரங்கள் ஏழு வாள்களாகப் பாய்ந்தன என்று எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் பாடுவோம். அந்த ஏழுக்கும் ஏழு பாட்டு, ஒரு ஆர்மோனியம், ஒரு தபலா, ஒரு குரல். பாடியவர் எங்கள் பக்கத்து ரெஜினா. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர். இருபத்தாறு வயதில் சென்னைக்குப் போய் ஒரே நாளில் பாடிப் பதிந்துவிட்டு வந்தார் என்பார்கள். மொத்தமே கொஞ்சம் தட்டுகள்தான் போட்டார்களாம். ஊரில் அதை முழுசாகக் கேட்டவர்கள் குறைவு. நான் சின்ன வயதில் ஒரே ஒரு தடவை, சுற்றுப்பிரகாரப் பவனியில் குழாய் ஸ்பீக்கரில், காற்றுக்கு வந்தும் போயுமாகக் கேட்டிருந்தேன். அதிலேயே மயங்கிக் கிடந்தவன்.

அந்தத் தட்டிலிருந்து நான் ஒரு 'தாய் கேசட்' எடுத்தேன். தட்டு தேயாமல் இருக்க முதலில் ஒரு கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்வோம். பிறகு எத்தனை பிரதி வேண்டுமானாலும் அதிலிருந்துதான். கீறல் சத்தம் தெரியாமலிருக்க ட்ரெபிள் என்கிற மேல் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். ஏழாவது பாட்டு முடிந்ததும் ஒரு சின்ன வியப்பு. ஆர்மோனியம் ஓய்ந்த பிறகு, ஒரு பிள்ளையின் குரல் "போதுமா?" என்று கேட்டது. ஸ்டூடியோவுக்குள் யார் வீட்டுப் பிள்ளையோ நுழைந்துவிட்டது என்று பாயும் நானும் சிரித்தோம். அழகாக இருக்கிறதென்று வெட்டாமல் விட்டோம்.

சாமியார் தட்டை வாங்கிக்கொண்டார். இரண்டே நாளில் மாற்றலாகி வேறு மறைமாவட்டத்துக்குப் போனார், தட்டும் கூடப் போனது. கேசட்டோ பறந்தது. நாலே நாளில் நூறு பிரதிக்கு மேல் போயிருக்கும். பிரதி எடுக்கும் மும்முரத்தில் அந்த நாட்களில் புள்ளி அட்டை ஞாபகமே வரவில்லை.

ஐந்தாம் நாள் ஒருவர் வந்து, தன் சினிமாப் பாட்டு ரேடியோவில் வருவதைவிட வேகமாக ஓடுகிறது என்றார். பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம். மெஷினைத் திறந்தேன். தண்டில் என் பிளாஸ்திரி. பழைய சக்கரம் வழுக்கியதற்கு ஈடுகட்டச் சுற்றியது, புது சக்கரத்தில் அப்படியே கூடுதல் வேகமாக ஏறியிருந்தது. உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாய் வந்ததும், "தூசி அடைச்சிருந்துச்சு பாய், துடைச்சிட்டேன்" என்றேன். குறை சொன்னவருக்குப் பாட்டை மறுபடி பதிந்து கொடுத்தோம்.

தாய் கேசட் அலமாரியில் இருந்தது. எந்த நாளில் எதை எடுத்தேன் என்று விரல் விட்டு எண்ணினேன். பிறகு எண்ணாமல் இருக்கப் பழகினேன். ஒருவேளை அன்று காலை பிளாஸ்திரி தளர்ந்திருக்கலாம், ஒருவேளை தட்டே அப்படித்தானோ, ஒப்பிட்டுப் பார்க்கத் தட்டும் இல்லையே. இப்படித்தான் ஓடியது மனசு. வீட்டில் இரண்டு மாதக் குழந்தை. வேலை போனால் என்ன செய்வது என்ற நினைப்பு மற்றதையெல்லாம் மூடிவிட்டது.

அந்தத் தவக்காலத்தின் நடுவில்தான் ரெஜினா அக்கா கடைக்கு வந்தார். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று இருக்கும். போன வாரம் வாங்கிய கேசட்டைக் கவுண்டரில் வைத்தார்.

"பாய், இது நான் பாடுனது இல்ல."

பாய் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "உங்க பேருதான் போட்டிருக்கு தங்கச்சி."

"பேரு என்னுது. குரலு என்னுது இல்ல. நான் பாடுனது நாலு கட்டை. இது அஞ்சுல நிக்குது. என்னமோ பஸ்ஸப் பிடிக்க ஓடுறவ மாதிரில்ல பாடுறா இவ."

சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம். கட்டை கூடினால் குரல் மேலே ஏறும். பாய் மின்விசிறியை நிறுத்தினார். கேசட்டைப் போட்டார். கண்ணை மூடிக் கேட்டார். அக்கா கூடவே மெதுவாகப் பாடிக் காட்டினார். இரண்டும் ஒட்டவில்லை. அவர் குரல் கீழே நின்றது, கேசட் மேலே ஓடியது.

பெஞ்சிலிருந்த மண்டிக்காரர் வாயைத் திறந்தார். "ஏனுங்க, நான் பாட்டுத் தெரிஞ்சவன் இல்லீங்க. ஆனா அந்தம்மா சொல்றது சரியாட்டத்தான் இருக்குதுங்க. லோடு இல்லாத லாரி போறாப்புல போகுதுங்களே பாட்டு."

பாய் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. "சாமி, தாய் கேசட் எடுக்கறப்ப மெஷின்ல கோளாறு எதுவும் இருந்துச்சா?"

"இல்ல பாய்" என்றேன்.

பாய் என்னை நம்பினார். அக்காவிடம் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்: "தங்கச்சி, நீங்க பாடி பதினேழு வருசம் ஆச்சு. வயசு ஏற ஏறக் குரலு இறங்கும். நம்ம பழைய குரலு நமக்கே அந்நியமாத் தெரியும். தப்பா எடுத்துக்காதீங்க."

"எனக்கு வயசாகல பாய். உங்க மிசினுக்குத்தான் வயசாயிருச்சு."

வாசற்படியில் ஃபிலோமினா சிரித்துவிட்டார். பாயும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"எப்படின்னாலும் உங்களுக்குத் திருப்தி இல்லைல்ல, காசு வாபஸ்" என்றார் பாய். "சாமி, இருபத்திரண்டு ரூபா குடுத்து விடு." சொல்லிவிட்டு மண்டிக்காரரின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கல்லாவில் பணம் இருந்தது. எனக்குக் கை போகவில்லை. அந்தக் காசைக் கொடுத்தால் தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று ஒரு பயம். "சில்லறை இல்லக்கா, அடுத்த வாரம் வாங்க" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என் முகத்தையே செத்த நேரம் பார்த்தார். கேசட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரவில்லை.

அந்த வருடம் பெரிய வெள்ளியன்று, ஆண்டவர் சிலுவையில் மரித்த நாள், நான் கோவிலில் இருந்தேன். அன்று வாத்தியம் முழங்கக் கூடாது. சுருதி கொடுக்க மட்டும் ஒரு ஆர்மோனியம். ஆர்மோனியக்காரர் கேசட்டைக் கேட்டே பழகியிருந்தார். பாடகர் குழு அதிலேயே பாடிப் பழகியிருந்தது. ஏழாவது பாட்டுக்கு ரெஜினா அக்காவை முன்னே அழைத்தார்கள், சொந்தப் பாட்டுக்காரியாயிற்றே என்று. ஐந்து கட்டையில் எடுத்தார்கள். அதில் கடைசிச் சரணம் மேலே ஏறும். அங்கே அக்காவின் குரல் இரண்டாகப் பிளந்தது. நின்றுவிட்டது. கூட்டமே எடுத்துப் பாடி முடித்தது. வெளியே வரும்போது ஒரு அம்மா சொன்னது என் காதில் விழுந்தது: "பாவம், அதுக்குத் தொண்டை போயிருச்சு. சொந்தப் பாட்டே வரல பாரு."

அதற்குப் பிறகு ரெஜினா அக்கா கோவிலில் பாடவில்லை. அடுத்த வருடம் அழைத்தார்கள், வரவில்லை. பிறகு அழைப்பதையும் விட்டார்கள்.

பாட்டு மட்டும் தங்கிவிட்டது. திண்டுக்கல்லைச் சுற்றி எத்தனை கிராமத்துக் கோவில், அத்தனையிலும் ஐந்து கட்டையில்தான். அந்தக் கடைசிச் சரணம் ஆண்களுக்கு எட்டாது. ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். வருடங்கள் போகப் போக அதுவே முறையாகிவிட்டது. ஏழாவது பாட்டின் கடைசிச் சரணம் வந்தால் ஆண்கள் வாய் மூடி முழந்தாளிடுவார்கள், பெண்கள் மட்டும் பாடுவார்கள். ஒரு சாமியார் அதற்குப் பிரசங்கமே வைத்தார். சீடர்கள் ஆண்டவரை விட்டு ஓடிப்போனார்கள், பெண்கள் மட்டும் சிலுவையடியில் நின்றார்கள், அதைத்தான் நம் முன்னோர் இந்த வழக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்றார். கோவிலே கலங்கி அழுதது. நான் முழந்தாளிட்டபடி, சட்டைப் பையில் பிளாஸ்திரி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அது எப்போதோ தொலைந்துபோனது. கைக்கு மட்டும் பழக்கம் போகவில்லை.

கேசட் காலம் முடிந்தது. பாய் கடையை மூடினார், பிறகு காலமானார். நான் மைக் செட் வேலைக்குப் போய், போன வருடம் அதையும் விட்டேன். எது மாறினாலும் என் வீட்டில் 'ஏழு வாள்கள்' கேசட் ஓடும். எனக்கு உயிரான பாட்டு அது. குற்றம் செய்தவனுக்கு அதுவே பிடித்த பாட்டாகவும் இருப்பதென்றால் என்ன பாடு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தவக்காலத்துக்கு முன் ஸ்டெல்லா கோயம்புத்தூரிலிருந்து வந்தவள், போனை நீட்டினாள். "அப்பா, உங்க ஏழு வாள்கள் புதுசா வந்திருக்கு. சென்னையில அந்த ஒரிஜினல் டேப்பு கிடைச்சிருக்காம்ப்பா. சுத்தம் பண்ணி, மறுபடி தட்டாவும் போட்டு, போன்லயும் விட்டிருக்காங்க. ஹெட்போன மாட்டுங்க."

மாட்டினேன். முதலில் ஒரு மூச்சு. பாட்டு இல்லை, ஆர்மோனியம் இல்லை. பாடப் போகிற ஒரு பெண் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். நான் திடுக்கிட்டு அறையைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு ஆர்மோனியத்தின் துருத்தி. மரமும் தோலும் உரசுவது தனியாகக் கேட்டது. தபலாக்காரரின் விரலில் மோதிரம் இருந்திருக்கிறது, ஓரத்தில் படும்போது மெல்லிசாக ஒரு டிக். மூன்றாவது பாட்டின் இடையில் எங்கோ ஒரு காக்கை. அவ்வளவும் அந்த நாடாவில் இத்தனை வருடம் இருந்திருக்கிறது. கீறலை மறைக்கிறேன் என்று நான்தான் போர்வை போட்டு மூடியிருக்கிறேன்.

ஆனால் பாட்டு மெதுவாகப் போனது. குரலும் கீழே இருந்தது. ஹெட்போனைக் கழற்றினேன்.

"கெடுத்துட்டாங்கம்மா. வேகம் தெரியாம ஓட்டிருக்காங்க."

"ஏம்ப்பா, இம்புட்டுச் செலவு பண்றவங்க வேகம் பாக்காமயா விடுவாங்க? முழுசாக் கேளுங்க."

கேட்டேன். ஏழாவது பாட்டு. கேசட்டில் அது கதறல். இதில் கதறல் இல்லை. அடக்கம் செய்யுமுன் மகனை மடியில் வைத்திருக்கிற ஒருத்தி, எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலப் பாடினாள். கடைசிச் சரணத்தில் குரல் மேலே போனது, சிரமமே இல்லாமல், கதவு தானாகத் திறப்பதுபோல. இந்தப் பாட்டை ஆயிரம் தடவை கேட்டவன் நான். இன்றுதான் கேட்கிறேன்.

ஆர்மோனியம் ஓய்ந்தது. "போதுமா?" என்றது குரல்.

பிள்ளை இல்லை. வளர்ந்த பெண். களைத்துப்போன, கொஞ்சம் குறும்பான, கடைக் கவுண்டரில் நான் கேட்ட அதே குரல். ரெஜினா அக்கா.

திரும்பத் திரும்ப அந்த ஒற்றைச் சொல்லை ஓடவிட்டேன். முப்பத்தைந்து வருடமாக எண்ணாமல் வைத்திருந்த கணக்கு அந்த இடத்தில் முடிந்தது. பிளாஸ்திரி இருந்தது. இரண்டு சுற்றும் இருந்தது. ஒரு முழுக் கட்டை. அக்கா சொன்னது அப்படியே சரி.

ஸ்டெல்லாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் பாட்டை நிறுத்தினாள். பிறகு, "அவங்க உயிரோட இருக்காங்களாப்பா?" என்றாள்.

இருந்தார். வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு கிராமத்தில், ஃபிலோமினாவோடு. பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை நாலு விதமாக ஒத்திகை பார்த்தேன். கையில் ஸ்டெல்லா வாங்கிக் கொடுத்த சின்ன ஸ்பீக்கர். அதற்குச் சார்ஜ் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். ஒருவேளை அவருக்குக் காது கேட்காதோ, ஒருவேளை வெளியே போகச் சொல்வாரோ, சொன்னால் நியாயம்தானே என்றெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

அக்கா ஆட்டுக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. என்னைப் பார்த்ததும், "யாரு, பாய் கடைச் சாமியா? சில்லறை மாத்திட்டியா?" என்றார்.

ஒத்திகை நாலும் போய்விட்டது. பிளாஸ்திரி என்றேன், ரப்பர் சக்கரம் என்றேன், பொய் என்றேன். வரிசையாக வரவில்லை, ஆனால் எல்லாம் வந்தது. அவர் கீரை கட்டுவதை நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாய்க்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. கடைசிவரை சொல்லல. அவரு காலமாயிட்டாரு."

"சரி, நான் போயிச் சொல்லிக்கிறேன். நான்தானே முன்னாடி போற ஆளு."

ஸ்பீக்கரைப் போட்டேன். முதல் மூச்சு கேட்டதும் அக்காவின் கை அப்படியே நின்றது. உள்ளேயிருந்து ஃபிலோமினா வந்து நிலையில் சாய்ந்துகொண்டார். ஆறு பாட்டும் ஓடின. ஏழாவது பாட்டில் அக்கா கூடச் சேர்ந்தார். குரல் உடைந்திருந்தது, நடுங்கியது, ஆனால் ஒரு இழை விலகவில்லை. இருபத்தாறு வயதுக் குரலும் எழுபத்தெட்டு வயதுக் குரலும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. டியூப்லைட் வெளிச்சத்தில் புள்ளிகள் நிற்குமே, அப்படி நின்றன. தட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது, புள்ளி நிற்கிறது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"போதுமா?" என்றது ஸ்பீக்கர். "போதாது" என்றார் அக்கா. ஃபிலோமினா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அம்புட்டுப் பேரும் அது யாரு பிள்ளைன்னு கேப்பாங்க. அக்காதான்னு சொன்னா என்னைக் கேலி பண்ணுவாங்க" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அக்கா கீரைக்கட்டை ஆட்டுக்கு முன்னால் தள்ளினார். "கோவில்ல சொல்லு. என் காதுல சொல்லி என்ன பிரயோசனம், எனக்குத்தான் அப்பயே தெரியுமே" என்றார். பிறகு கையை நீட்டினார். "இருபத்திரண்டு ரூபா."

என் பையில் இருபது ரூபாய் நோட்டு ஒன்றும் ஐநூறும் இருந்தன. ஐநூறை நீட்டினேன். முகத்தைச் சுளித்தார். "எனக்கு வர வேண்டியதக் குடு. உன் பாவத்துக்கெல்லாம் எங்கிட்ட வெல கிடையாது." இருபதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "மிச்சம் ரெண்டு. கொண்டாந்து குடு."

பாடகர் குழுவின் முன்னால் நின்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் கோபப்பட்டார். பெரிய கோபம் எழுந்தது வழக்கத்தைப் பற்றித்தான். "ஆம்பளைக முழந்தா போடறது நம்ம பாரம்பரியம், அத மாத்தச் சொல்றாரா இவரு?" என்றார்கள். கீபோர்டு வாசிப்பவர் மட்டும் புதுப் பதிவைக் கேட்டார். கேட்டு முடித்து, ஒரு பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார். சின்னத் திரையில் மைனஸ் இரண்டு என்று வந்தது, இரண்டு அரைச் சுருதி கீழே. "அவ்வளவுதாண்ணே. நாலு கட்டை" என்றார். முப்பத்தைந்து வருடம், ஒரு பொத்தான்.

பெரிய வெள்ளிக்கு ரெஜினா அக்கா வந்தார். முன்னால் அழைத்தார்கள், போகவில்லை. கூட்டத்தின் நடுவிலேயே நின்றார். ஆறு பாட்டு முடிந்து ஏழாவது எடுத்தார்கள். கீழே, மெதுவாக. கோவில் முழுக்க ஒரு தடுமாற்றம், தெரிந்த வழியில் வேறு வேகத்தில் நடப்பதுபோல. கடைசிச் சரணம் வந்தது. ஆண்கள் பழக்கத்தில் முழந்தாளிட்டார்கள். அக்கா பாடினார். குரல் ஏறியது, பிளக்கவில்லை.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு முரட்டுத் தொண்டை, யாரென்று தெரியாது, முழந்தாளிட்டபடியே பாட ஆரம்பித்தது. சுருதி எட்டுகிறது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும். பக்கத்தில் இன்னொருவர். பிறகு வரிசையாக, சுவரோரம் நின்றவர்கள், வாசலில் செருப்போடு நின்றவர்கள். அந்தச் சரணத்தை வாழ்நாளில் பாடியிராத ஆண்கள் அத்தனை பேரும் பாடினார்கள். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூரையிலிருந்து இறங்குவதுபோல அந்தச் சத்தம் தலைமேல் இறங்கியது. எத்தனையோ குழாய் கட்டியிருக்கிறேன், எத்தனையோ பெட்டி அடுக்கியிருக்கிறேன், அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. நான் பாடவில்லை.

வெளியே வெயிலில் அக்கா ஃபிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று தொண்டை போய்விட்டது என்று சொன்ன அம்மாவின் மகள் வந்து அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கா அவளை விட்டுவிட்டு என்னைத் தேடிப் பிடித்தார். கையை நீட்டினார்.

சட்டைப் பையைத் தொட்டேன். பிளாஸ்திரிக்காகத் தொடும் அதே இடம். இவருக்கென்று எடுத்து வைத்திருந்த நாணயத்தைச் சிலுவை முத்திக்குக் குனிந்து முத்தமிடும்போது காணிக்கைத் தட்டில் போட்டுவிட்டிருந்தேன், நினைவே இல்லாமல்.

"ஆண்டவருக்குப் போட்டுட்டியா? நல்லது" என்றார் அக்கா. "அது அவரு கணக்கு. என் கணக்கு வேற."

பாக்கி இரண்டு ரூபாய்.